பூங்குழலியின் படகுக்கு எந்தக் காற்று?

வரைதாளை நடுவில் மடித்துக்கொள்ளச் சொல்வேன். இடது பாதி இன்றைக்கு. வலது பாதியில் அடுத்த சனிக்கிழமை வரை ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இந்தத் தடை பிடித்துப்போகும். எதையோ ஒளித்து வைப்பதுபோல மடித்த தாளை நோட்டுக்குள் செருகிக்கொண்டு போவார்கள்.

திருவொற்றியூரில் கடலோரச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு மாடி அறை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். காசிமேட்டிலிருந்து வருகிறவர்கள் உண்டு, எண்ணூர்க் குப்பங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு. சிலருக்கு அப்பா விசைப்படகில் போகிறவர், சிலருக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். ஒரு நாவலில் கொஞ்சம் படிப்பது, அதை வைத்து எடுத்த படத்தில் கொஞ்சம் பார்ப்பது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது, இவ்வளவுதான் எங்கள் வேலை.

"எது நல்லா இருக்கு மிஸ், புக்கா படமா?" என்று முதல் நாளே ஒருவன் கேட்டான். பெரியவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். 2022 செப்டம்பர் 30-ஆம் தேதி மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்தபோது வீட்டுக்கு வீடு அந்தப் பேச்சுதான். எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை, பதில் சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது வெள்ளைத் தாளும் கறுப்பு மையும். படித்தபோது நீ பார்த்தாயே ஒரு கடல், அது எங்கே இருந்தது?

அந்தப் படத்துக்கு மூலமான நாவலைக் கல்கி 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதினார். ஐந்து பாகம், 2000 பக்கத்துக்கு மேல். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால்கூட வாசித்து முடிக்க 65 மணி நேரத்துக்குக் குறையாது. படம் இரண்டு பாகமும் சேர்த்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். பன்னிரண்டு பங்கில் ஒரு பங்கு. மீதி எங்கே போயிற்று என்பதே பிள்ளைகளுக்கு நல்ல கணக்கு. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் 2000 பக்கத்தைத் தூக்கிக் கொடுக்க முடியாது. அதனால் படத்தோடு ஒப்பிட நான் எடுப்பது ஒரே அத்தியாயம். இரண்டாம் பாகமான 'சுழற்காற்'றின் முதல் அத்தியாயம், 'பூங்குழலி'. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டன. எத்தனை பிரதி வேண்டுமானாலும் கூச்சமில்லாமல் எடுக்கலாம்.

கோடிக்கரை. சாயங்காலம். அலை ஓய்ந்த கடல். ஒரு சின்னப் படகு, அதில் தனியாக ஒரு பெண், பூங்குழலி. வெளிக்கடல் அமைதியாக இருக்கும்போது உள்ளக்கடல் மட்டும் ஏன் பொங்குகிறது என்று பாடிக்கொண்டிருக்கிறாள். நான் உரக்க வாசிப்பேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையும் கடகடவென்று படிக்கிற பிள்ளையும் அந்த நேரத்தில் ஒன்றுதான். வாசித்து முடித்ததும் வரைதாள்.

அந்த இடது பாதிகளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரே பக்கத்தைக் கேட்ட பிள்ளைகள் வரைந்த கடல்களில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒருவன் படகுக்குப் பின்னால், உள்ளே வர இடம் கிடைக்காமல் நங்கூரம் போட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களை வரிசையாக நிறுத்தியிருந்தான். ஒருத்தியின் பூங்குழலி ஃபைபர் படகில் இருந்தாள், பக்கவாட்டில் பதிவு எண்கூட இருந்தது. இன்னும் பலர் கரையில் மணலே வைக்கவில்லை. கறுப்புப் பாறாங்கற்களை அடுக்கியிருந்தார்கள். கோடிக்கரையில் ஏதடா பாறை என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அவர்களுக்குக் கடற்கரை என்றால் கல்தான். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை சாலையையும் வீடுகளையும் காப்பது கொட்டி வைத்த கற்களும் தூண்டில் வளைவுகளும்தாமே.

அந்தக் கற்களுக்கும் ஒரு கதை உண்டு. நம் கரையோரமாக அலைகள் மணலை வருடம் முழுக்க நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. தெற்கே போவதைவிட வடக்கே போவது அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டியபோது அந்த மணல் பயணம் தடைப்பட்டது. தெற்கே மணல் தேங்கி மெரினா அகலமாயிற்று. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்துகொண்டிருந்தது. ராயபுரத்திலிருந்து வடக்கே கரை தின்னப்பட்டுப் போனது. ஒரு பிள்ளை பூங்குழலியின் கரையில் கறுப்புக் கல்லை வரைகிறாள் என்றால், நூறு வருடத்துக்கு மேலான அந்த மணல் வரலாறு அவள் பென்சில் முனையில் இறங்கியிருக்கிறது. கல்கி எழுதாததும் அவளுடைய வாசிப்புக்குள் இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? படிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது தவளைபோலத் தாவித் தாவிப் போகிறது. ஓரிடத்தில் கால் நொடி அளவு நிற்கும், பிறகு தாவும். தாவுகிற கணத்தில் நாம் ஏறக்குறைய எதையும் பார்ப்பதில்லை. நிற்கிற இடங்களில் கிடைத்த எழுத்துத் துணுக்குகளை மூளை ஒட்டவைத்து, சொல்லாக்கி, பொருளாக்கி, அதற்குமேல் ஒரு காட்சியையும் எழுப்புகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு படகை நினைத்தால், படகைப் பார்க்கும்போது வேலை செய்யும் மூளையின் பின்பகுதிகள் ஓரளவு விழித்துக்கொள்வதை ஸ்கேன் கருவிகள் காட்டியிருக்கின்றன. அந்தப் படகுக்கான பலகைகள் ஏற்கெனவே பார்த்தவற்றிலிருந்துதான் வந்தாக வேண்டும். காசிமேட்டுப் பிள்ளைக்கு அது காசிமேட்டுப் பலகை.

எல்லாருக்கும் காட்சி எழுவதுமில்லை. ஒரு பெண் வெள்ளைத் தாளையே திருப்பிக் கொடுத்தாள். வரைய வராது என்பதில்லை, பேருந்து நிலையத்தை அப்படியே வரைகிறவள். "கண்ணை மூடுனா இருட்டாதான் இருக்கு மிஸ். நீங்க படிச்சது மட்டும் காதுல கேக்குது," என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அவர்களுக்கு பிரான்சிஸ் கால்டனைப் பற்றிச் சொன்னேன். 1880-இல் அவர் பலரிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். காலையில் சாப்பிட உட்கார்ந்த மேசையை மனத்தில் கொண்டுவாருங்கள், வெளிச்சம் எப்படி, நிறம் தெரிகிறதா, விளிம்பு தெளிவா? சிலருக்கு மேசை கண்முன் இருப்பதுபோலத் தெரிந்தது. அவர் கேட்ட அறிவியலாளர்களில் பலரோ, மனக்கண் என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வது என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். 2015-இல் ஆடம் ஸெமான் என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும் இப்படி மனக்காட்சி எழாத நிலைக்கு 'அஃபான்டேசியா' என்று பெயர் வைத்தார்கள். நூறு பேரில் ஒருவரிலிருந்து நான்கு பேர் வரை இப்படி இருக்கலாம் என்கின்றன ஆய்வுகள். இது நோயில்லை. அந்தப் பெண்ணுக்கு இருப்பது அதுதானா என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனால் பாட்டில் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வந்தது என்று அன்றைக்குச் சரியாகச் சொன்னது அவள் ஒருத்திதான். சிரிப்பு நின்றுவிட்டது. மதிய உணவுத் தட்டை நினைத்துப் பார் என்று ஒருவரை ஒருவர் சோதித்துக்கொள்ளத் தொடங்கினார்கள், முட்டை எந்தப் பக்கம் இருந்தது என்று சண்டைகூட வந்தது.

இரண்டாவது சனிக்கிழமை படம். படத்துக்கு முன்னால் ஒரு விளையாட்டு. கைபேசியில் ஒருவனின் முகத்தைச் சிரிக்காமல், முறைக்காமல், சும்மா இருக்கச் சொல்லி எடுப்போம். அதையடுத்து ஒரு பிரியாணித் தட்டு. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால், "பசியில இருக்கான் மிஸ்!" அதே முகம், அடுத்து கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகு. அறை கொஞ்சம் அமைதியானது. "அவங்க அப்பா இன்னும் வரல," என்றான் ஒரு பையன். முகம் மாறவே இல்லை. நூறு வருடத்துக்கு முன்பு ரஷ்யாவில் லெவ் குலஷோவ் செய்து காட்டியது இதுதான். ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் ஒட்டினார். பார்த்தவர்கள் ஒவ்வொன்றிலும் வேறுவேறு உணர்ச்சியை அந்த முகத்தில் கண்டார்கள். நம் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'திரைமொழி' என்றொரு பாடமே இருக்கிறது. பன்னிரண்டு வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். இரண்டு படத்தை ஒட்டினால் மூன்றாவதாக ஒரு எண்ணம் பிறக்கிறது என்பதைப் பதினொரு வயதுப் பிள்ளை ஐந்தே நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறது.

பிறகு படத்தின் கடல் காட்சிகளைப் போடுவேன். திரையில் ஒரு நொடிக்கு 24 அசையாப் படங்கள். ஐந்தரை மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் நாலே முக்கால் லட்சம் படங்கள். ஒவ்வொன்றிலும் எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். கல்கி "ஒரு படகு" என்று எழுதிவிட்டு மேலே போகலாம். நிறத்தை நீயே வைத்துக்கொள் என்று வாசகரிடம் விட்டுவிடலாம். கேமரா விட முடியாது. படகு என்றால் அதற்கு ஒரு நிறம், ஒரு நீளம், பலகையில் ஒரு கீறல், மேலே விழும் ஒரு வெளிச்சம் இருந்தே தீர வேண்டும். படம் எடுக்கிறவர்களின் உழைப்பை இந்தக் கோணத்தில் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நாவலாசிரியர் விட்டுப்போன லட்சம் இடைவெளிகளை ஒன்று விடாமல் யாரோ உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள்.

படம் பார்த்தபின் வலது பாதி. இங்கேதான் நான் வருடா வருடம் வாயடைத்துப் போகிறேன். இடது பாதிகளில் ஆளுக்கொரு கடல். வலது பாதிகளில் ஏறக்குறைய ஒரே கடல், அதே இரவு, அதே நீல வெளிச்சம். சரக்குக் கப்பல்கள் காணாமல் போய்விட்டன, பாறைகள் போய்விட்டன, பதிவு எண்ணும் போய்விட்டது. பூங்குழலிக்கு ஐஸ்வர்யா லட்சுமியின் முகம். வெள்ளைத் தாள் கொடுத்த பெண் இந்த முறை நிறைய வரைந்திருந்தாள்.

ஊரி ஹாசன் என்ற நரம்பியல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அருகில் வருகிறது. ஐந்து பேரைத் தனித்தனியே ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' படத்தின் அரை மணி நேரத்தைக் காட்டினார்கள். ஒருவரை ஒருவர் அறியாத அந்த மூளைகள் பல பகுதிகளில் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. 2008-இல் ஹாசனும் வேறு சில ஆய்வாளர்களும் படத்துக்குப் படம் ஒப்பிட்டார்கள். ஹிட்ச்காக்கின் ஒரு தொலைக்காட்சிப் படம் பார்த்தவர்களிடம் மூளைப் புறணியின் 65 சதவீதம் ஒத்து இயங்கியது. ஒரு பூங்காவில் கேமராவைச் சும்மா நிறுத்தி எடுத்த, வெட்டாத காட்சிக்கு 5 சதவீதம்கூட இல்லை. அப்படியானால் கட்டிப்போடுவது கேமரா மட்டுமில்லை, இயக்குநரும் எடிட்டரும் எதைப் பார், எப்போது பார் என்று நடத்திக்கொண்டு போகும் விதம். திரையரங்கில் ஆயிரம் பேர் ஒரே நொடியில் மூச்சை இழுத்துக்கொள்கிறோமே, அதன் உள்பக்கம் இதுதான். ஆயிரம் பேரை ஒரு படகில் ஏற்றுகிற கலை அது. ஆளுக்கொரு படகு கொடுக்கிற கலை மற்றது. இரண்டும் வேண்டும் என் பிள்ளைகளுக்கு. ஆனால் வரிசை முக்கியம். படத்தை முதலில் காட்டிய வருடம் இடது பாதியும் வலது பாதியைப் போலவே வந்தது. தன் கடல் எப்படி இருந்திருக்கும் என்று அந்த வருடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விட்டது. அந்தத் தவறை நான் மறுபடி செய்யவில்லை.

பூங்குழலிக்கு முகம் கொடுத்ததில் படத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. 'கல்கி' இதழில் தொடராக வந்தபோதே மணியம் ஓவியம் வரைந்தார். அன்றைய வாசகர்களின் பூங்குழலிக்கு அவர் போட்ட கோடுதான் முகம். எழுத்து தனியாக வந்த வாரமே இல்லை.

பிறகு பேச்சு. இந்த வருடம் அதை ஆரம்பித்தது ஒரு ஏழாம் வகுப்புப் பையன். "புக்குல அவ தனியா இருக்கா. படத்துல பாடும்போது ஹீரோ வந்தியத்தேவன் கூட இருக்கான். ஏன் மிஸ்?"

"நீயே சொல்லேன்."

ரொம்ப நேரம் யோசித்தான். "தனியா இருந்தா மனசுக்குள்ள என்னன்னு படத்துல தெரியாதுல்ல. கேக்க ஒரு ஆள் வேணும்."

இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது. எழுத்து ஒரே வாக்கியத்தில் ஒருத்தியின் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். கேமரா தோலோடு நின்றுவிடும். அதனால் படம் உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவர ஆள் தேடுகிறது, இசை தேடுகிறது, முகத்தருகே போகிறது. பெரியவர்களுக்கான நாவல்களிலும் இதே கதைதான். பூமணியின் 'வெக்கை'யில் எல்லாம் சிதம்பரம் என்ற சிறுவனைச் சுற்றி நகர்கிறது. வெற்றிமாறன் அதை 'அசுரன்' ஆக்கியபோது நடுவிடம் அப்பா சிவசாமிக்குப் போய்விட்டது. யாருடைய கண்ணுக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம் என்பது மாறினால் கதையே மாறிவிடுகிறது.

திரையில் இன்னொன்றும் கிடையாது, 'இல்லை' என்ற சொல். "அவள் அன்று பாடவில்லை" என்று எழுதிவிடலாம். படமாக எடு பார்க்கலாம் என்று விட்டேன். வாயை மூடிக்கொண்டு துடுப்பு வலிப்பதுபோல ஒருத்தி நடித்துக் காட்டினாள். "இது சும்மா படகு ஓட்டுறது, பாடலன்னு எப்படித் தெரியும்?" என்று மற்றவர்கள் மடக்கினார்கள். கடைசியில் வந்த யோசனை இது. முதலில் ஒரு நாள் பாடுவதைக் காட்ட வேண்டும். இன்னொரு நாளும் பாடுவதைக் காட்ட வேண்டும், கரையில் ஒரு கிழவர் நின்று கேட்கிறார். மூன்றாம் நாள் அதே படகு, அதே கிழவர், காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், துடுப்புச் சத்தம் மட்டும். ஒரு எதிர்மறை வினைமுற்றுக்கு மூன்று காட்சி தேவைப்பட்டது. இலக்கணப் பாடத்தில் எதிர்மறையை இவ்வளவு மதிப்போடு அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

தலைகீழாகவும் செய்யலாம். 2022-இல் தமிழக அரசு ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் காட்டத் தொடங்கியபோது முதலில் எடுத்தது 'தி ரெட் பலூன்'. 1956-இல் வந்த பிரெஞ்சுப் படம், 34 நிமிடம், பேச்சு ஏறக்குறைய இல்லவே இல்லை. இயக்குநர் ஆல்பர்ட் லமோரிஸே படத்தின் புகைப்படங்களை வைத்துப் பிறகு அதை ஒரு புத்தகமாகவும் ஆக்கினார். படத்திலிருந்து புத்தகம்! பலூன் பையனோடு தெருவில் போகும் ஒரு நிமிடத்தை எழுது என்றால், "பலூன் பின்னாடி வந்துச்சு" என்ற ஒரு வரியில் ஆரம்பித்து, வந்ததா, தொடர்ந்ததா, ஒட்டிக்கொண்டதா, விளையாட்டுக் காட்டியதா என்று வினைச்சொல்லுக்காக அடித்துக்கொள்கிறார்கள். ஒரு நிமிடப் படத்தில் எவ்வளவு சொல் அடைந்து கிடக்கிறது என்று அப்போதுதான் தெரிகிறது.

எண்ணூர்ப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூங்குழலிக்கு அடுத்த அத்தியாயத்தின் பெயர் 'சேற்றுப் பள்ளம்'. அதைப் படமில்லாமல் வெறும் வாசிப்பாக மட்டும் வைத்திருக்கிறேன். கோடிக்கரைச் சதுப்பில் வந்தியத்தேவன் சேற்றில் மாட்டிக்கொள்ளும் இடம் வந்ததும் கழிமுகத்துப் பையன் ஒருவன், உள்ளே போன காலை நேராக இழுக்கக் கூடாது, சாய்ந்து படுத்தபடி இழுக்க வேண்டும் என்று செய்து காட்டினான். அவன் இடது பாதியில் வரைந்த சேறு கன்னங்கரேல் என்று இருந்தது, மேலே வானவில் நிறத்தில் ஒரு பளபளப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து அவர்கள் கழிமுகத்தில் படிந்ததே, அந்த நிறம். அதை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் படித்த சதுப்பு அதுதான்.

தலைப்பில் கேட்ட கேள்வி என்னுடையதில்லை. காசிமேட்டிலிருந்து வரும் ஆறாம் வகுப்புப் பெண்ணுடையது. முதல் சனிக்கிழமை நான் வாசித்து முடித்ததும், "கடல் இவ்ளோ அமைதியா இருக்குன்னா எந்தக் காத்து மிஸ் அன்னிக்கு?" என்றாள். எத்தனையோ முறை படித்த அத்தியாயம், எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி. தாத்தாவைக் கேட்டு வருகிறேன் என்றாள்.

கேட்டுக்கொண்டு வந்தாள். "கதை ஆடிப் பதினெட்டுல ஆரம்பிச்சுதுல்ல? அப்ப கச்சான் சீசன்னு தாத்தா சொன்னாரு." கச்சான் மேற்கிலிருந்து அடிப்பது, தரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. அலை பெரிதாக வேண்டுமானால் காற்று நீர்மேல் நெடுந்தூரம் ஓட வேண்டும். தரையிலிருந்து கிளம்பும் காற்றுக்குக் கரையோரத்தில் அந்த ஓட்டம் கிடைக்காது, அதனால் அங்கே கடல் குளம்போலக் கிடக்கும். தாத்தா இன்னொன்றும் சொல்லியனுப்பியிருந்தார். "அலை இல்லன்னு துடுப்ப விட்டுட்டு பாடிக்கினு இருந்தா, காத்து சத்தமில்லாம உள்ள இழுத்துனு போயிடுமாம் மிஸ். போறது தெரியாதாம். திரும்பி வர்றதுதான் பாடாம்."

வலது பாதியை அவள் அன்றைக்கு வரையவில்லை. தாளைத் திருப்பி இடது பாதியை எடுத்து, கரையிலிருந்து படகை நோக்கி மெல்லிய கோடுகளாகக் காற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள்.